ஜெர்மன் பங்குக்குக் குடிபோகும் நம் கரை ஊழியர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் மூக்கையூர் வரை, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து திருச்சபைப் பணிக்காக ஜெர்மனி போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. குருக்கள், கன்னியர், போதகர்கள், குடும்பத்தோடு போகும் ஊழியர்கள் எல்லோருக்கும் பொருந்தும். வழிபாட்டு முறைகளை அனுப்புகிறவர்களும் அழைக்கிறவர்களும் சொல்லித் தந்துவிடுவார்கள். ரேடியேட்டரை எத்தனையில் வைப்பது, ஊர்க் கோவிலுக்கென்று கொடுத்த பணத்தை எந்தக் கணக்கில் போடக் கூடாது என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. முதல் ஆறு மாதத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். இத்தாலி போகும் சிஸ்டர்களுக்கும் ஒரு கேள்வி உள்ளே இருக்கிறது.

பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பெயரை. ஞானஸ்நானச் சான்றில் சந்தியாகு, பள்ளிச் சான்றில் சந்தியாகோ, ஆதாரில் முன்னெழுத்தோடு சந்தியாகப்பன். நம் ஊரில் மூன்றும் ஒரே ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெர்மன் அலுவலகத்தில் அது மூன்று ஆள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் இன்னும் மோசம். அங்கே பதிவு, வங்கி, காப்பீடு எல்லாமே குடும்பப்பெயரை முன்னால் வைத்துத்தான் நடக்கும். கட்டம் காலியென்றால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக நிரப்பிவிடுவார்கள். பிறகு வங்கி அட்டையும் காப்பீட்டு அட்டையும் ஒத்துப்போகாது.

ஆகவே விசாவுக்கு எழுதிப்போடும் முன்பே மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் வழியாக மறுவெளியீடு கேட்டு, அப்பா பெயரையோ வேறு பெயரையோ குடும்பப்பெயராக முழுதாக எழுதி வாங்கிவிடுங்கள். அதே எழுத்துக்கூட்டலில் குருப்பட்டச் சான்று அல்லது ஊழியச் சான்று, ஞானஸ்நானச் சான்று, பிறப்புச் சான்று எல்லாம் இருக்க வேண்டும். வீட்டுப் பிரசவத்தில் பிறந்த பலரின் பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரே இருக்காது, ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும் இருக்கும். பெயர் சேர்த்து வாங்க நாளாகும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள்.

சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லும்படி நம் அரசு வைத்துத் தரும் முத்திரை) வாங்கினால் போதுமா?

இத்தாலிக்குப் போதும், ஜெர்மனிக்குப் போதாது. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்பாட்டில் இருக்கிறது. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு மறுப்புத் தெரிவித்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. அதனால் அந்த முத்திரைக்கு அங்கே மதிப்பில்லை. எந்தச் சான்றுக்கு எந்த வகைச் சரிபார்ப்பு வேண்டும் என்று உங்களை அழைக்கும் மறைமாவட்டத்திடமும் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு செலவழியுங்கள். டிராவல்ஸ்காரர் சொல்வதை நம்பி எல்லாக் காகிதத்துக்கும் முத்திரை குத்திக்கொண்டு நிற்பவர்கள் அதிகம்.

குருக்கள் ஆயரிடமிருந்து செலபிரெத், அதாவது பூசை வைக்கத் தகுதியுள்ள குரு என்று சொல்லும் கடிதம், வாங்க மறக்க வேண்டாம். அறிமுகமில்லாத கோவிலில் பீடமேற அதைக் காட்டச் சொல்வார்கள். தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை, எல்லோரிடமும் கேட்பதுதான்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒப்பந்தம் உங்களோடா, உங்கள் சபையோடா? இதுதான் முதல் கேள்வி. துறவற சபையினருக்குப் பெரும்பாலும் மறைமாவட்டமும் சபையும் தமக்குள் ஒப்பந்தம் போடும். பணம் சபைக்குப் போகும், உங்கள் கைக்கு வருவது செலவுத்தொகை. மறைமாவட்டக் குருக்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கும். எதுவானாலும் நாலு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: வீட்டு வாடகையும் வெப்பமூட்டும் செலவும் யார் பொறுப்பு, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது, ஊருக்கு வந்துபோகும் டிக்கெட் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை, மொழிப் படிப்புக்கு எத்தனை மாதம்.

காப்பீட்டுத் தேதியைக் குறிப்பாகப் பாருங்கள். வேலை ஒன்றாம் தேதி தொடங்கி, நீங்கள் பத்து நாள் முன்பே போய் இறங்கினால் அந்தப் பத்து நாளைக்குப் பயணக் காப்பீடு தேவை. பனியில் வழுக்கி மணிக்கட்டு முறிவது அந்தப் பத்து நாளுக்குள்ளும் நடக்கும்.

பெட்டியில் என்ன கொண்டுபோகலாம்? கருவாடு விடுவார்களா?

விடுவார்கள். இதைக் கேட்டுப் பலருக்கு ஆச்சரியம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாலில் செய்ததும் சொந்த உபயோகத்துக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, கறி ஊறுகாய் எல்லாம் அதில் அடங்கும். மீனுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. உலர்த்தியது, உப்பிட்டது உட்பட ஒருவருக்கு 20 கிலோ வரை அனுமதி. ஆனால் சுறா, திருக்கைக் கருவாட்டைத் தவிருங்கள். சுறா இனங்கள் பல பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, காய்ந்த துண்டைப் பார்த்து எது என்ன இனம் என்று அங்கே வாதாட முடியாது. நெத்திலி, சீலா, மாசி என்று எடுத்துக்கொண்டு, காற்றுநீக்கிய உறையில் இரண்டு சுற்று போட்டு, மேலே பெயரை எழுதி ஒட்டுங்கள். சாதாரண பாலித்தீன் பையில் கட்டினால் அங்கியெல்லாம் மணக்கும்.

செடிகொடி வகையில் தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் இந்த ஐந்துக்கு மட்டும் சான்று தேவையில்லை. பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், முருங்கைக்காய், விதை எதையும் எடுக்காதீர்கள். கறிவேப்பிலையைப் பொடியாக்கிக் கொண்டுபோங்கள். கருப்பட்டி தாராளமாகப் போகும். தேன் 2 கிலோ வரை.

நினைவுப் பரிசு கொடுக்கிறேன் என்று பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை வைத்த கண்ணாடிப் பெட்டி இவற்றைத் தொடவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் பவளமும் கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் புலிக்குச் சமமான பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. விமான நிலையத்தில் பிடிபட்டால் ‘கரையில் ஒதுங்கிக் கிடந்தது’ என்ற பதில் உதவாது. பனையோலைப் பெட்டி கொடுங்கள், அழகாகவும் இருக்கும்.

மிக்சி எடுத்துப் போகலாம். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் மூன்று முள் பிளக் மட்டும் பொருந்தாது, அதற்கு 10 ஆம்பியர் தாங்கும் நல்ல அடாப்டர் தேவை. குக்கர் வாங்கினால் அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள். சாதா அலுமினியக் குக்கரை இண்டக்‌ஷன் அடுப்பு கண்டுகொள்ளாது. குளிருடுப்பு இங்கே வாங்காதீர்கள். நம் கடைகளில் ‘ஊட்டி ஸ்வெட்டர்’ என்று விற்பது அங்கே அக்டோபரோடு சரி.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொண்டு, மருந்தின் வேதிப்பெயரோடு ஆங்கிலத்தில் மருத்துவர் சீட்டும் வைத்திருங்கள். ஆன்டிபயாடிக் அங்கே சீட்டில்லாமல் கிடைக்காது.

போய் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை?

முகவரிப் பதிவு. அன்மெல்டுங் என்பார்கள். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டோடு, வீடு தந்தவர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்றும் வேண்டும். பங்கு இல்லமென்றால் பங்கு நிர்வாகம் தரும். சந்திப்பு நேரம் முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள், சில ஊர்களில் மூன்று வாரம் தள்ளித்தான் கிடைக்கும். அதனால் பங்குச் செயலரிடம் சொல்லி, நீங்கள் இங்கிருந்து கிளம்பும் முன்பே நேரம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. கத்தோலிக்கர் அல்லது எவாஞ்செலிக்கல் என்று குறித்தால் திருச்சபை வரி பிடிப்பார்கள். வருமான வரியில் 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கிலும் 8. மிச்சம் பிடிக்கலாம் என்று கட்டத்தைக் காலியாக விடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் சம்பளத்தின் ஊற்றே அந்த வரி.

பதிந்ததும் வரி எண் சில வாரத்தில் தபாலில் வரும். வங்கி அட்டை ஒரு தபாலில், அதன் ரகசிய எண் இன்னொரு தபாலில், காப்பீட்டு அட்டை மூன்றாவதில். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கவில்லை என்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். நம் ஊரில் தபால்காரர் ‘சாமி வீடு எது’ என்று கேட்டுக்கொண்டு வந்து கொடுப்பார். அங்கே பெட்டியில் இருக்கும் பெயர்ச்சீட்டுதான் முகவரி. வந்த அன்றே, பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப்பெயரை அச்செழுத்தில் எழுதி, பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். மழை படும் பக்கம் என்றால் மேலே செல்லோடேப் போடுங்கள்.

சில மாதத்தில் ஒளிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போடுபவர்கள் உண்டு. டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டத்தான் வேண்டும். ஏற்கெனவே அந்த வீட்டில் ஒருவர் கட்டுகிறார் என்றால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் போதும். பேசாமல் விட்டால் அபராதத்தோடு வரும்.

விசா முடியும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி அட்டைக்கு எழுதிப்போடுங்கள். கடைசி வாரம் வரை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தாலி போகும் சிஸ்டர்களுக்கும் இதேதானா?

இல்லை. அங்கே நாட்டுக்குள் நுழைந்த 8 வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு எழுதிப்போட வேண்டும். அஞ்சலகத்தில் தரும் உறையை நிரப்பி, 16 யூரோ வருவாய் முத்திரைத் தலை ஒட்டி, அஞ்சலகத்திலேயே கொடுக்க வேண்டும். அவர்கள் தரும் ரசீதுதான் அட்டை வரும் வரை உங்கள் அடையாளம். அசலைப் பத்திரமாக வைத்து நகலைக் கையில் வைத்திருங்கள். கோதிச்சே ஃபிஸ்காலே என்ற வரி எண் இல்லாமல் சிம்கார்டு முதல் மருத்துவர் வரை எதுவும் நகராது.

வீட்டுக்குள் வெப்பமூட்டியை எப்படிப் பயன்படுத்துவது?

ரேடியேட்டரின் ஓரத்தில் உருண்டைத் திருகு ஒன்று இருக்கும். அதில் பனிப்பூக் குறி, பிறகு 1 முதல் 5 வரை எண். பலரும் இதை ஃபேன் ரெகுலேட்டர் போல நினைத்துக்கொண்டு, சீக்கிரம் சூடாகட்டும் என்று 5-இல் வைக்கிறார்கள். அது வேகமல்ல, எட்ட வேண்டிய வெப்பநிலை. 3 என்றால் அறை ஏறக்குறைய 20 டிகிரிக்கு வந்ததும் தானே நின்றுவிடும். 5-இல் வைத்தால் 28 டிகிரி தாண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து வரும் பில்லில் தெரியும். பகலில் 3, படுக்கையறையில் 2, வெளியூர் போனால் 1 அல்லது பனிப்பூக் குறி. முற்றிலும் அணைக்காதீர்கள், குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்கும்.

அடுத்தது பூஞ்சை. நம் வீடுகளில் சன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும், கடற்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். அங்கே வீடு இறுக்கமாக மூடியது. சோறு வடிக்கும் ஆவி, குளிக்கும் ஆவி, அறைக்குள் காயப்போட்ட துணியின் ஈரம் எல்லாம் குளிர்ந்த சுவர் மூலையில் போய்ப் படியும். அலமாரிக்குப் பின்னால் கரும்புள்ளி தெரிந்தால் அதுதான். வழி ஒன்றே: நாளைக்கு இரண்டு மூன்று முறை, எதிரெதிர்ச் சன்னல்களை 5 முதல் 10 நிமிடம் விரியத் திறந்து மூடுவது. அப்போது ரேடியேட்டரை மூடிவிடுங்கள். சன்னலைச் சாய்த்து நாளெல்லாம் வைப்பது தவறு; சுவர் குளிர்ந்துபோய்ப் பூஞ்சை இன்னும் கூடும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

குளியலறைத் தரையில் பெரும்பாலும் வடிகால் இருக்காது. வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் குளித்தால் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று குளித்து, ரப்பர் வைப்பரால் துடைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் பல ஊர்களில் உப்புக்கறை படியும். கெட்டிலில் வெள்ளைப்பொருக்கு சேர்ந்தால் எலுமிச்சை உப்பு ஒரு கரண்டி போட்டுக் கொதிக்கவிட்டால் கழன்றுவிடும்.

தாளித்தால் அலாரம் அடிக்கிறதே?

வீடுகளில் புகை உணர்வி கட்டாயம். பெரும்பாலும் நடைவழியிலும் படுக்கையறையிலும் இருக்கும். எண்ணெய் புகைய, காய்ந்த மிளகாய் கருக, கதவு திறந்திருந்தால் அலறிவிடும். முதலில் அடுக்களைக் கதவை மூடுங்கள், பிறகு சன்னலைத் திறந்து, புகைபோக்கியைப் போட்டு, அதன்பிறகு கடுகைப் போடுங்கள். பேட்டரியைக் கழற்றி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தீ பிடித்தால் காப்பீடு கைவிரித்துவிடலாம்.

கருவாட்டை வறுப்பதைவிடக் குழம்பில் போடுங்கள், வாடை பாதிதான். வறுத்தே ஆக வேண்டுமென்றால் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவி, மூடிபோட்டு, குறைந்த சூட்டில், பகல் நேரத்தில். மாடிப்படி பொதுவாக உள்ள கட்டிடமென்றால் வாசல் கதவின் கீழ் ஈரத்துணி வையுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. சொல்லிச் செய்தால் பொறுத்துக்கொள்வார்கள்.

அரிசி, மசாலா, உறைந்த மீன் எல்லாம் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் கிடைக்கும். ஓரளவு பெரிய நகரங்களில் அப்படி ஒரு கடையாவது இருக்கும்.

குப்பையில் இவ்வளவு நிறம் எதற்கு?

பொதுவாக மஞ்சள் பொதியுறைக்கு, நீலம் காகிதத்துக்கு, பழுப்பு அடுக்களைக் கழிவுக்கு, சாம்பல் மிச்சத்துக்கு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், நகராட்சி நாட்காட்டியை அடுக்களையில் ஒட்டுங்கள். கண்ணாடிப் புட்டியைத் தெருமுனைத் தொட்டியில் நிறம் பார்த்துப் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது. சத்தம்! பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். ஞாயிறு கடையும் இல்லை, துளைபோடும் வேலையும் இல்லை, வெளியே துணி காயப்போடுவதைக்கூடச் சிலர் முகம் சுளிப்பார்கள். பங்கு இல்லத்தில் இருப்பவரை ஊரே கவனிக்கும் என்பது இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்.

பனிக்காலத்தில் வாசல் நடைபாதையில் விழும் பனியைக் காலையில் தள்ளுவது யார் வேலை என்று கேட்டுவிடுங்கள். பல ஊர்களில் அது குடியிருப்பவர் வேலை.

ஓட்டுநர் உரிமம்?

ஒரே குரு மூன்று, நான்கு ஊர்க் கோவில்களைப் பார்ப்பது அங்கே சாதாரணம். பஸ்ஸை நம்பி முடியாது. இந்திய உரிமம் நீங்கள் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் மட்டும் செல்லும். அதன்பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை. கண் பரிசோதனையும் முதலுதவி வகுப்புச் சான்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். காகிதங்கள் நகரவே இரண்டு மூன்று மாதமாகும் என்பதால் இரண்டாம் மாதமே தொடங்குங்கள்.

இங்கே பைக் மட்டும் ஓட்டியவர்கள் கிளம்பும் முன் காரைப் பழகி உரிமத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பயிற்சி மணிக்கணக்கில் காசு. வண்டி வலப்பக்கம் ஓடும் என்பது இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழகாதது வேறு: பலகை இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் வழி. சின்னச் சந்திலிருந்து வந்தாலும் அவர்தான் முதலில். ஹாரன் அடித்துக்கொண்டு முந்தும் கை அங்கே தேர்விலேயே தோற்றுவிடும்.

மொழி எவ்வளவு தெரிந்தால் போதும்?

பங்குப்பணிக்குப் பரவலாக பி2 நிலை கேட்கிறார்கள், ஏ1-இல் தொடங்கும் ஆறு படிகளில் நான்காவது. சான்றிதழ் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு படிப்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. நம் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கும். ஜெர்மனில் ‘பாக்கன்’ என்பதை மெல்லிய ப-வில் சொன்னால் ரொட்டி சுடுவது, வல்லின ப-வில் சொன்னால் மூட்டை கட்டுவது. இரண்டையும் தமிழில் ஒரே மாதிரி எழுதிவைத்தால் நாக்குக்கு வித்தியாசமே தெரியாது. அதேபோல் கோவிலைச் சொல்லும் சொல்லில் நடுவே வருவது ‘ஷ’ அல்ல, நாக்கு மேலண்ணத்தை ஒட்டிக் காற்று மட்டும் வரும் மெல்லிய ‘ஹ்ய’. அதை ‘கிர்ஷெ’ என்று சொன்னால் செர்ரிப் பழம். ‘நம் செர்ரிப் பழத்துக்கு எல்லோரும் வாருங்கள்’ என்று அழைத்தால் சிரிக்க மாட்டார்கள், ஆனால் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள்.

மறையுரையை எழுதி, சனிக்கிழமைக்குள் ஒருவரிடம் வாசித்துக் காட்டித் திருத்துங்கள். நம் வேகத்தைப் பாதியாக்குங்கள். கல்கட்டிடக் கோவிலில் எதிரொலி வேறு சேரும்.

பங்கில் யார் பெரியவர்? நம்மை என்னவென்று அழைப்பார்கள்?

இங்கே சாமி வந்தால் ஊரே எழுந்து நிற்கும். அங்கே நீங்கள் பெரும்பாலும் ஃபார்விகார், அதாவது பொறுப்புக்குருவின் கீழ் உதவிக்குரு. இறையியல் படித்துச் சம்பளத்துக்குப் பணிபுரியும் பொதுநிலையினர், அவர்களில் பல பெண்கள், உங்களோடு சமமாக மேசையில் உட்காருவார்கள். முதல் நன்மை வகுப்பை அவர் நடத்துவார், நீங்கள் அவர் சொன்ன நேரத்துக்குப் போவீர்கள். இதில் கௌரவம் பார்த்தவர்கள் முதல் ஆண்டே கசந்துபோகிறார்கள். பங்குச் செயலரைப் பகைத்துக்கொள்ளவே வேண்டாம். நாட்காட்டி அவர் கையில்.

வீடு சந்திக்கப் போவதென்றால் போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். கதவைத் தட்டி ‘சும்மா வந்தேன்’ என்றால் யாரோ இறந்துவிட்டதாகப் பயப்படுவார்கள். குழந்தைகளின் தலையைத் தடவுவது, மடியில் உட்கார வைப்பது, விழாப் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவது மூன்றையும் விமானத்தில் ஏறும்போதே விட்டுவிடுங்கள். படத்துக்குப் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். பணியாளர் எல்லோரும் விரிவான காவல்துறை நன்னடத்தைச் சான்று கொடுத்து, சிறார் பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும். உங்களை மட்டும் சந்தேகிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

அடக்கச் சடங்கு வேறு மாதிரி. நம் கரையில் இறந்த அன்றோ மறுநாளோ முடிந்துவிடும். அங்கே பல மாநிலங்களில் 48 மணி நேரம் கழியாமல் அடக்கமே கூடாது. ஒரு வாரம் ஆவது வழக்கம், எரியூட்டிய சாம்பல் குடமென்றால் இன்னும் தள்ளிப்போகும். முன்னதாகக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் நேரம் ஒன்று உண்டு. அங்கே இறந்தவரின் பெயரை அவர்கள் வாயாலேயே இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒலியைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றப் பிழையை மன்னிப்பார்கள், பெயரைத் தப்பாகச் சொல்வதை மன்னிப்பது கஷ்டம்.

ஊரிலிருந்து பணம் கேட்கிறார்கள். எப்படி அனுப்புவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது முடியும் முன்பே பள்ளிக் கட்டணம். அந்த இரண்டு மாதம் உங்கள் போன் ஓயாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே வீட்டுக்கு இவ்வளவுதான் என்று முடிவுசெய்து, அந்த மாதங்களுக்கென்று தனியே ஒதுக்குங்கள். சபையில் இருப்பவர்கள் தலைவரின் அனுமதியோடு.

வேலைக்காக வெளிநாடு போனதும் இங்குள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்ததை அனுப்புவதற்கு என்ஆர்இ என்ற இன்னொரு வகைக் கணக்கு தொடங்கலாம். இந்தியக் குடிமகனாகவே இருக்கும் நீங்கள் உங்கள் சம்பள மிச்சத்தை வங்கி வழியே வீட்டுக்கோ கோவிலுக்கோ அனுப்பினால் அது வெளிநாட்டுக் கொடை ஆகாது.

ஆபத்து வேறு இடத்தில். ஞாயிறு பூசை முடிந்து ஒரு பாட்டி வருவார், 500 யூரோ கொடுத்து ‘உங்கள் ஊர்க் கோவிலுக்கு’ என்பார். பங்கு முழுக்கச் சேர்ந்து உண்டியல் எடுத்துத் தருவதும் உண்டு. அதை உங்கள் சொந்தக் கணக்கில் போட்டு ஊருக்கு அனுப்பினால், அது வெளிநாட்டவர் பணம். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுக் கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற அமைப்பு மட்டுமே, டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய அமைப்பும் இன்னோர் அமைப்புக்கு அதைக் கைமாற்ற முடியாது. ‘மறைமாவட்டச் சங்கத்தில் வாங்கி ஊர்க் கமிட்டிக்குத் திருப்பிவிடலாம்’ என்பது பழைய காலத்து யோசனை. பணம் வாங்கும் அமைப்பே வேலையை நடத்த வேண்டும். ஆகவே பாட்டியிடம் நன்றி சொல்லி, பங்கு அலுவலகத்தில் ரசீதோடு கட்டச் சொல்லுங்கள். அங்கிருந்து மறைமாவட்ட மிஷன் அலுவலகம் முறையான வழியில் பார்த்துக்கொள்ளும். உறவினர் கணக்கு, நண்பர் கணக்கு என்று சுற்றிவிடும் யோசனை சொல்பவர் பிறகு விசாரணைக்கு உங்களோடு வரமாட்டார்.

மனைவி மக்களோடு போகிறோம்...

துணைவருக்குப் பொதுவாக ஏ1 ஜெர்மன், அதாவது தொடக்க நிலை, கேட்பார்கள், இங்கேயே முடித்துவிடுங்கள். 6 வயதிலிருந்து பள்ளி கட்டாயம், வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க அனுமதியில்லை. தடுப்பூசி அட்டையில் தட்டம்மை ஊசி இரண்டும் பதிவாகியிருக்க வேண்டும்.

குளிரும் தனிமையும் எப்படியிருக்கும்?

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வெயிலில் வளர்ந்த கறுத்த தோலுக்கு அந்த வெளிச்சத்தில் வைட்டமின் டி போதாமல் போகும். அசதி, உடல்வலி, தூக்கம் என்று வரும். நவம்பருக்குள் மருத்துவரிடம் சொல்லி ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். காலுக்கு ஈரம் புகாத தடித்த அடியுள்ள சப்பாத்து, மேலுக்கு ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு. குளிர்காலத்தில் பல கோவில்களில் வெப்பத்தைக் குறைத்தே வைக்கிறார்கள். அங்கிக்குள் கம்பளி உள்ளுடை போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பேச நேரக் கணக்கு: கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் நாம் முன்னால். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும். அந்த ஞாயிறு பூசைக்குத் தாமதமாக வருபவர் நீங்களாக இருக்க வேண்டாம். ஓரியூர்த் திருவிழாவையோ வேர்க்கோட்டுக் கொடியேற்றத்தையோ போனில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மனசு ஆறாது, இன்னும் கனக்கும். பக்கத்து மறைமாவட்டத்து நம் ஆட்களோடு மாதம் ஒரு நாள் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவதை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ஆகஸ்டில் கேவலார் மாதா கோவிலுக்குத் தமிழர்கள் கூட்டமாகத் திருயாத்திரை வருவார்கள், அன்று வீதியெல்லாம் தமிழ்தான்.

அவசரத்துக்கு 112, காவல்துறைக்கு 110. உயிராபத்து இல்லாத ராத்திரிக் காய்ச்சலுக்கு 116117.

பணி முடிந்து திரும்பும்போது?

வந்தபோது பதிந்தது போலவே போகும்போது முகவரிப் பதிவை நீக்க வேண்டும். கிளம்பும் ஒரு வாரத்துக்கு முன்பிலிருந்து செய்யலாம். அந்தச் சான்றை வைத்துத்தான் ஒளிபரப்புக் கட்டணம், காப்பீடு, போன் ஒப்பந்தம் மூன்றையும் நிறுத்த முடியும். ஓய்வூதியக் கணக்குத் தாள்களை அசலாக எடுத்து வாருங்கள். வீட்டை ஒப்படைக்கும்போது மீட்டர் எண்களையும் சுவரின் நிலையையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாவியை எண்ணிக் கொடுங்கள். பங்கு இல்லச் சாவி பெரும்பாலும் கோவில், மண்டபம், அலுவலகம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அது தொலைந்தால் ஒரு பூட்டை மட்டும் மாற்ற மாட்டார்கள், எல்லாப் பூட்டையும் மாற்றுவார்கள்; ஆயிரக்கணக்கில் யூரோ ஆகும். அதனால் அங்கே போய்ச் சேர்ந்த மாதமே பொறுப்புக் காப்பீடு (நம்மால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டுவது) ஒன்று எடுத்து, அதில் பணியிடச் சாவி இழப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.